சிலுவைப் பாதைப் படங்கள்: மரமா, செம்பா, கல்லா?

தவக்காலத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே பங்குகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். இயேசுவின் பாடுகளை நினைத்து நிலைக்கு நிலை நின்று செபிக்கும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளுக்கும் சிற்றாலயத்தில் புதிய படங்கள் வேண்டும். சுரூபக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டர் புடைப்புகள் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓவியரிடம் ஒப்படைத்தால் 14 ஓவியங்களுக்கான செலவைச் சிறிய பங்கு தாங்காது. அப்போது யாராவது ஒருவர், "அச்சுப்படமாகச் செய்தால் என்ன?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அச்சுப்பட வேலை செய்பவன் என்ற முறையில் இதற்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது காரணங்களோடு எழுதிவைக்கிறேன்.

கையால் செய்யும் அச்சில் பழைய வழிகள் மூன்று. மரக்கட்டையில் செதுக்கி மேட்டில் மை தடவி எடுப்பது ஒன்று. செம்புத் தகட்டில் கோடு வெட்டிப் பள்ளத்தில் மை நிரப்பி எடுப்பது இன்னொன்று. கல்லின் மேல் வரைந்து எடுக்கும் கல்லச்சு மூன்றாவது. இன்றைய அச்சகங்களின் ஆஃப்செட் முறை அதன் பேரப்பிள்ளை. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆலயச் சுவருக்கு மரம், அல்லது அதன் எளிய வடிவமான லினோலியம், அதாவது தரைவிரிப்பாகவும் பயன்படும் மென்மையான தகடு. மலிவு அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. அதைச் சொல்ல அச்சுப்படங்கள் கடல் கடந்த கதைக்குப் போக வேண்டும்.

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. நிலைகளின் எண்ணிக்கையை 14 என்று நிலைநிறுத்தியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட், ஆண்டு 1731. ஒவ்வொரு நிலைக்கும் மரச்சிலுவை வைத்து மந்திரிக்க வேண்டும் என்பதே அடிப்படை. படங்கள் செபிப்பவருக்குத் துணை மட்டுமே. ஆகவே படம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பங்குக்கு இருக்கும் இந்தச் சுதந்திரத்தைப் பலர் உணர்வதில்லை.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். இத்தாலியின் ஃபோர்லி நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேவமாதாவின் மரச்செதுக்குப் படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. 1428 பிப்ரவரி 4 அன்று அந்தப் பள்ளி தீப்பற்றி எரிந்தது. தாளில் அச்சிட்ட அந்தப் படம் மட்டும் எரியாமல் தப்பியதாக ஊர் நம்பியது. மக்கள் அதைப் பேராலயத்துக்கு எடுத்துச் சென்றார்கள். "நெருப்பின் மாதா" என்ற பெயரில் இன்றும் அது அங்கே வணங்கப்படுகிறது. பிப்ரவரி 4 அந்த ஊருக்குத் திருவிழா. அற்புதத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 1428இலேயே ஒரு சாதாரணப் பள்ளிச் சுவரில் மாதா படம் மாட்டும் அளவுக்கு அச்சுப்படம் எளிதில் கிடைத்தது என்பதுதான் அது. அதற்கு முன் திருவுருவம் என்றால் ஆலயத்தில் இருக்கும், அல்லது செல்வர் வீட்டில் இருக்கும்.

அந்தக் காலத்துத் தாள்படங்கள் பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே கிழிந்து மறைந்துபோயின. புத்தக அட்டைக்குள் ஒட்டிவைத்தவை பிழைத்தன. தெற்கு ஜெர்மனியின் புக்ஸ்ஹைம் துறவு மடத்திலிருந்து வந்த கையெழுத்துச் சுவடி ஒன்றின் அட்டைக்குள் அப்படிப் பிழைத்ததுதான் 1423ஆம் ஆண்டைத் தாங்கிய புனித கிறிஸ்தோபர் படம். இப்போது மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஏ4 தாளின் அளவு. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து கிறிஸ்தோபர் ஆற்றைக் கடக்கிறார். இடப்பக்கம் ஒருவர் கழுதையோடு ஆலைக்குப் போகிறார். வலக்கரையில் முனிவர் ஒருவர் விளக்கை உயர்த்திப் பிடித்திருக்கிறார். கோடுகள் தடித்தவை, நிழல் என்று ஏதும் இல்லை, மேலே கையால் வண்ணம் பூசியிருக்கிறார்கள். கீழே இரண்டு வரி லத்தீன்: இந்த முகத்தைப் பார்க்கும் நாளில் உனக்குத் தீய சாவு நேராது. படிக்கத் தெரியாதவனும் வீட்டு வாசலில் ஒட்டிக்கொள்ளும் படம் இது. நான்கடி தள்ளி நின்றாலும் யார், என்ன செய்கிறார் என்பது தெளிவாகத் தெரியும்.

சிலுவைப் பாதைக்கு வேண்டியது இந்தத் தெளிவுதான். வெள்ளிக்கிழமை மாலை, கூட்டம் நிலைக்கு நிலை நகர்கிறது. பின்வரிசையில் நிற்கும் பாட்டி படத்துக்கு அருகில் வரப்போவதில்லை. "இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்" என்று வாசிக்கும்போது விழுந்த உடலின் வளைவு அங்கிருந்தே தெரிய வேண்டும். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள மரச்செதுக்கு இதற்கென்றே உண்டானது போல இருக்கிறது.

மரத்துக்கு இன்னொரு வசதி உண்டு. கட்டையின் உயரமும் எழுத்தச்சின் உயரமும் ஒன்றாக இருந்தால், இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அடிக்கலாம். திருத்தந்தையை எதிர்த்துப் பிரிந்த மார்ட்டின் லூதரின் சீர்திருத்தக் கட்சி இந்த வசதியை முழுவதும் பயன்படுத்திக்கொண்டது. 1522 செப்டம்பரில் வந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்கு ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை 21 மரச்செதுக்குகளைக் கொடுத்தது. அந்நூலில் தீமையின் உருவமாக வரும் பாபிலோனின் விலைமாதின் தலையில் திருத்தந்தையின் மூன்றடுக்கு மகுடம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் பதிப்புக்குள் கட்டையிலேயே மேலடுக்குகளைச் சீவி எறிந்து சாதாரண மகுடமாக்கிவிட்டார்கள். மரத்தில் இருப்பதை வெட்டி நீக்கலாம், நீக்கியதைத் திரும்பச் சேர்ப்பது கடினம். முதல்முறை உளி எடுப்பவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

மரத்தின் குறையையும் சொல்ல வேண்டும். முகத்தின் நுண்ணிய உணர்ச்சி எளிதில் வராது. ஆறாம் நிலையில், இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோனிக்காவின் துணியில் பதிந்த திருமுகத்தைச் சிறிய கட்டையில் செதுக்கப் போனால் கண்ணும் மூக்கும் குழம்பிப்போகும். அங்கே தாளின் அளவைப் பெரிதாக்க வேண்டும், அல்லது முகத்தை மிகச் சில கோடுகளில் முடிக்கத் துணிய வேண்டும்.

இனி செம்பு. பொற்கொல்லர் கையிலிருந்து வந்த கலை இது. ஆண்டு பொறித்த செப்புச்செதுக்குகளில் மிகப் பழையது 1446ஐச் சேர்ந்தது. கற்றூணில் கட்டி இயேசுவைச் சாட்டையால் அடிக்கும் காட்சி அது. ஆக, திருப்பாடுகளோடு இந்தக் கலைக்கு உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

மரத்தையும் செம்பையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும் என்றால் ஜெர்மன் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே ஆண்டுகளில் ஒரே கதையை இரண்டிலும் செய்தவர் அவர். மரத்தில் "சிறிய திருப்பாடுகள்": தலைப்புப் பக்கத்தோடு 37 படங்கள், 1511இல் லத்தீன் கவிதைகளோடு புத்தகமாக வெளிவந்தது. செம்பில் 1507 முதல் 1513 வரை 16 தகடுகள், உரை எதுவும் இல்லாமல். மரத்தொடரில் காட்சி ஒரே பார்வையில் பிடிபடுகிறது. கோடுகள் ஒரே திசையில் ஓடி நிழலைக் காட்டுகின்றன. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகத் தோன்றுகிறது. செப்புத் தொடரின் ஒவ்வொரு படமும் உள்ளங்கை அளவு. இரவின் இருளும் பந்தத்தின் ஒளியும் கவசத்தின் பளபளப்பும் மயிரிழைக் கோடுகளின் பின்னலில் எழுகின்றன. கையில் எடுத்து, கண்ணருகே கொண்டுவந்து, நீண்ட நேரம் பார்க்க வேண்டிய படங்கள் அவை. இவற்றைச் சுவரில் மாட்டி ஆறடி தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறச் சதுரம்தான் தெரியும். தனிச் செபத்துக்குச் செம்பு, கூட்டுச் செபத்துக்கு மரம் என்று டியூரரே நமக்குப் பிரித்துக் காட்டிவிட்டதாகவே நினைக்கிறேன்.

செம்பின் உச்சம் எதுவரை போகும் என்பதற்கு ஒரு படத்தை மட்டும் காட்டுகிறேன். 1649இல் பிரெஞ்சுச் செதுக்காளர் குளோத் மெல்லான் வெரோனிக்காவின் துணியில் பதிந்த இயேசுவின் முகத்தைச் செதுக்கினார். மூக்கின் நுனியில் ஒரு புள்ளி. அங்கிருந்து சுருளாகப் புறப்படும் ஒரே கோடு சுற்றிச் சுற்றி விரிந்து தாள் முழுவதையும் நிரப்புகிறது. கோடு சற்றுத் தடிக்கும் இடத்தில் நிழல், மெலியும் இடத்தில் ஒளி. கண், முள்முடி, இரத்தத் துளி, துணியின் மடிப்பு எல்லாம் அந்த ஒரே கோட்டின் தடிப்பும் மெலிவும்தான். குறுக்கே ஒரு கீறல்கூட இல்லை. இதை உருப்பெருக்கியோடு பார்க்கும் யாருக்கும் உடல் சிலிர்க்கும். ஆனால் உளி பிடித்து ஒரு மாதமே ஆன இளைஞர் குழுவிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

இயேசு சபையினர் செம்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் தெளிவான காரணம் இருந்தது. நற்செய்திக் காட்சிகளை மனக்கண்ணில் நிறுத்தித் தியானிக்க வேண்டும் என்று சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் கற்பித்திருந்தார். அதற்குத் துணையாக அச்சபைக் குரு ஜெரோம் நாதாலின் 153 படங்கள் கொண்ட நூல், ஆசிரியர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1593இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. வீரிக்ஸ் சகோதரர்கள் உள்ளிட்ட கைதேர்ந்த செதுக்காளர்கள் அதில் உழைத்தார்கள். படத்துக்குள் ஏ, பி, சி என்று சின்ன எழுத்துகள். கீழே அந்தந்த எழுத்துக்கு விளக்கம். வாசகர் காட்சிக்குள் இடம் இடமாக நின்று நின்று போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த நுணுக்கத்தை அன்றைய மரச்செதுக்கு தாங்கியிருக்காது. செலவு மட்டும் கடுமை: செம்புத் தகட்டுக்கு உருளை அழுத்தி தனியாக வேண்டும், எழுத்தச்சோடு சேர்த்து அடிக்க முடியாது. அதே நகரின் பிளாண்டின் அச்சகம் சில வழிபாட்டு நூல்களை மரப்படங்களோடும் செப்புப்படங்களோடும் வாங்குவோர் வசதிக்கேற்ப விற்றதும் இதனால்தான்.

நம் ஊர் நடைமுறையில் செம்பு என்றால் பெரும்பாலும் அமில அரிப்பு. கலைக்கல்லூரிகளில் செம்புக்குப் பதில் துத்தநாகத் தகடு பயன்படுகிறது. நைட்ரிக் அமிலத்தின் புகை நுரையீரலுக்குக் கேடு. காற்றோட்டமான பட்டறையும் பழகிய ஆளும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் அமிலத் தட்டு வைப்பதை என் மனம் ஒருபோதும் ஒப்பாது. தகட்டில் மை நிரப்பி மெல்லிய வலைத்துணியால் துடைத்து, நனைத்த தாளை வைத்து, கம்பளத்தோடு உருளைக்கு அடியில் செலுத்த வேண்டும். துடைப்பு கொஞ்சம் மிகுந்தால் படம் வெளிறிப்போகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விதிவிலக்கு. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோவின் "மிசெரேரே" 58 தகடுகள் கொண்டது. பெரும் பகுதி 1920களில் உருவாகி 1948இல் வெளிவந்தது. அவருடைய தகடுகள் பெரியவை, கோடுகள் வண்ணக் கண்ணாடிச் சன்னலின் ஈயப் பட்டைகளைப் போலத் தடித்தவை. அவை சுவரில் நிற்கும், தூரத்திலிருந்தும் பேசும். உங்கள் பங்கில் உருளை அழுத்தியோடு பட்டறை வைத்திருக்கும் கலைஞர் ஒருவர் இருந்து, அவருக்கு ஓராண்டு அவகாசம் கொடுக்கவும் முடியுமானால் செம்புக்குப் போங்கள். நான் தடுக்க மாட்டேன்.

கல்லச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மியூனிக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற குணத்தை வைத்து இயங்குவது. பின்னர் பல கற்களில் பல வண்ணம் ஏற்றும் முறை வந்ததும் திருஇருதயப் படமும் மாதா படமும் உலகமெங்கும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் என்ற திருத்தல ஊரில் பென்சிகர் நிறுவனம் இந்தப் படங்களை அடித்தே பெரிய நிறுவனமானது. நம் பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கிய படங்கள் இந்த வழி வந்தவைதான். அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன், பல தலைமுறைகளின் செபம் அவற்றின் முன் நடந்திருக்கிறது. ஆனால் கல்லில் வரைந்து எடுக்க நல்ல சுண்ணாம்புக்கல், அதற்கான அழுத்தி, கைதேர்ந்த அச்சாளர் எல்லாம் வேண்டும். பங்கு ஒன்றால் ஆகாத காரியம்.

அதன் வாரிசான ஆஃப்செட் பங்குக்கு எட்டும். சிவகாசிக்கு ஒரு கோப்பை அனுப்பினால் வேலை முடிந்தது. திருவிழாவுக்கு 5,000 செப அட்டைகள் தேவை என்றால் இதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டாம். சுவரில் மாட்டும் நிலைகளுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். ஆலயத்தின் மேற்குச் சன்னலருகே மாட்டிய வண்ணப்படம் சில ஆண்டுகளில் நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் போய்விடும். கரி கலந்த கறுப்பு மைக்கு அந்தக் கேடு இல்லை. 1423இன் கிறிஸ்தோபர் இன்னும் கறுப்பாகவே இருக்கிறார்.

இப்போது என் பெரிய காரணத்துக்கு வருகிறேன். கிறிஸ்தவப் படங்கள் பரவியது தாள் மலிந்ததால் மட்டும் என்று நினைக்கிறோம். தாள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் தமக்குத் தெரிந்த கருவியை எடுத்து அதை மறுபடி செய்தபோதுதான் படம் வேர்விட்டது.

செவில் நகரப் பேராலயத்தில் பழைய மாதா சுவரோவியம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஐரோப்பாவில் செப்புப்படம் எடுத்தார்கள். அந்தத் தாள் கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. அங்கே இயேசு சபையின் குருமடப் பட்டறையில் 1597இல் ஜப்பானிய மாணவர்கள் அதைப் பார்த்துப் புதிய தகடு செதுக்கினார்கள். அதன் ஒரு பிரதி சீனாவில் இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சியின் கைக்கு வந்தது. அவர் அதை மை வணிகரான செங் தாயூவுக்குக் கொடுத்தார். 1606 வாக்கில் செங்கின் மைக்கட்டி வடிவங்களின் தொகுப்பில் அது மரச்செதுக்காக அச்சேறியது. சுவரிலிருந்து செம்பு, செம்பிலிருந்து செம்பு, செம்பிலிருந்து மரம். சீனச் செதுக்காளர் தாம் படித்தறியாத லத்தீன் எழுத்துகளையும், "ஜப்பான் குருமடத்தில், 1597" என்ற அடிக்குறிப்பையும் சேர்த்தே செதுக்கினார். மாதாவின் ஆடை மடிப்புகள் மட்டும் சீனத் தூரிகைக் கோடாக மாறிவிட்டன. நாதாலின் நூலுக்கும் இதுவே நடந்தது: 1637இல் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் இயேசு சபைக் குரு ஜூலியோ அலேனி அதன் காட்சிகளைச் சீன மரச்செதுக்குகளாக வெளியிட்டார்.

நம் துணைக்கண்டத்திலும் ஒரு சாட்சி உண்டு. டியூரரின் செப்புத் திருப்பாடுகளில் சிலுவையடியில் கை கோத்து நிற்கும் புனித யோவானை, 1600இல் முகலாயச் சிறுவன் அபுல் ஹசன் தன் 13ஆம் வயதில் பார்த்து வரைந்தான். அந்த ஓவியம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் ஜஹாங்கீரின் பெரிய ஓவியன் ஆனவன் அவன்.

20ஆம் நூற்றாண்டில் இது இன்னும் துணிவாக நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில், சுவீடன் லூத்தரன் திருச்சபையின் துணையோடு 1960களில் எழுந்த கலை மையத்தில் கறுப்பின இளைஞர்கள் லினோலியம் செதுக்கக் கற்றார்கள். அங்கிருந்து வந்த அசாரியா முபாத்தாவின் விவிலியக் காட்சிகளில் இயேசுவும் சீடர்களும் கறுப்பர்கள். நிறவெறி ஆட்சியின் நடுவே அந்தப் படம் என்ன சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானின் சதாவோ வாத்தனாபே துணிக்குச் சாயமிடும் வெட்டுத்தாள் (ஸ்டென்சில்) முறையில் விவிலியம் முழுவதையும் தேடித் தேடி அச்சிட்டார். அவருடைய கடைசி இராவுணவில் சீடர்கள் ஜப்பானிய உடையில் மீனைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். இந்த முறைகளுக்கு அழுத்தியோ அமிலமோ கட்டாயமில்லை. கத்தி, பலகை, தாள், மை. உங்கள் பங்கின் பிள்ளைகள் தங்கள் ஊர் முகங்களை வெரோனிக்காவுக்கும், சிலுவை சுமக்க உதவிய சீமோனுக்கும் கொடுக்க வேண்டுமானால், அவர்கள் கையில் பழகும் கருவியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய படங்களைப் பார்த்துச் செதுக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரம் 1519இல் யூதர்களை விரட்டி, அவர்களின் தொழுகைக்கூடத்தை இடித்தது. இடிப்பதற்கு முன் அதன் உட்புறத்தை அமில அரிப்புப் படமாகப் பதிவு செய்தவர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர். இடித்த இடத்தில் எழுந்த மாதா சிற்றாலயத்துக்கு வந்த திருப்பயணிகளுக்காகப் பல வண்ண மரச்செதுக்கு செய்தவரும் அவரே. அந்தக் காலத்துத் திருப்பாடுகள் படங்கள் பலவற்றில் யூதர்களை அருவருப்பான முகங்களோடு வரைந்திருப்பார்கள். தெரியாமல் அதை நகலெடுத்தால் அந்த வெறுப்பையும் சேர்த்து நம் சுவரில் மாட்டுகிறோம். கிறிஸ்துவின் பாடுகளுக்கு யூதர் அனைவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இயேசுவும் மரியாவும் யோவானும் யூதர்களே. செதுக்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் செய்முறை இது. மரத்தில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்கு லினோலியம் நல்லது. இழை இல்லாததால் உளி எந்தத் திசையிலும் ஒரே மாதிரி ஓடும். இலேசாகச் சூடேற்றினால் இன்னும் மென்மையாகும். உளி பிடிக்காத கையை எப்போதும் உளியின் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். படத்தைத் தலைகீழாக அல்ல, இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். மறந்தால் எருசலேம் பெண்களுக்கு ஆறுதல் சொல்லும் இயேசு இடக்கையால் ஆசி வழங்குவார், நிலையின் எண்ணும் கண்ணாடியில் தெரிவது போலப் பதியும். வரைந்ததை மெல்லிய தாளில் எடுத்து, தாளைத் திருப்பிப் பலகையில் ஒட்டிச் செதுக்கினால் இந்தச் சிக்கல் தீரும். எண்ணெய் மையை உருளையால் மெல்லியதாகத் தடவி, கையால் செய்த காகிதத்தை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம்வரை தேய்த்து எடுக்கலாம். மை உலர ஒரு வாரமாவது கொடுங்கள். சட்டமிடும்போது தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் அட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

14 நிலைகளையும் ஒருவரிடமே கொடுக்காமல் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதையே விரும்புகிறேன். கோட்டின் தடிப்பையும் பலகையின் அளவையும் மட்டும் முன்பே ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள், மற்றவை வேறுபடட்டும். ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஆலயத்துக்கு ஒன்று, செதுக்கியவர் வீட்டுக்கு ஒன்று, நோயுற்று வீட்டிலேயே இருப்பவர்களுக்குச் சில என்று எடுத்துவிட்டு, பலகைகளை மை துடைத்துப் பங்கு அலுவலகத்தில் எண் போட்டு வையுங்கள். சுவரில் இருப்பது கெட்டுப்போனால் அடுத்த தவக்காலத்தில் அதே பலகையிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.